கதவுக்குக் குறுக்கே ஒரு குடை

முதலில் குடை, பிறகுதான் கேமரா. அந்த வரிசை ஒருநாளும் மாறாது. பழைய நீதிமன்றக் கட்டடத்தின் பக்கவாசலில் குனிந்து, மடக்கிய கறுப்புக் குடையை நிலைப்படியின் மேல் குறுக்காகப் படுக்கவைக்கிறார் அக்கா. குடையின் நுனி இடப்பக்கத்து நிலையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். குடையின் முக்கால் நீளத்தில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒரு சுற்று வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. வலப்பக்கத்து நிலை அந்த வெள்ளைக்கு அப்பால் இருந்தால் அக்காவுக்கு வாயெல்லாம் பல். இப்பால் இருந்துவிட்டால் போச்சு. "பெரிய கட்டடமாம் பெரிய கட்டடம், ஒல்லிப்பிச்சான் கதவை வெச்சுக்கிட்டு" என்று, தலைமுறை தலைமுறையாக நிமிர்ந்து நிற்கிற கட்டடத்தை முகத்துக்கு நேராகத் திட்டிவிட்டுத்தான் அடுத்த வாசலைத் தேடிப் போவார்.

அளந்து முடித்த பிறகு படம். அதையாவது மற்றவர்களைப் போல நின்றுகொண்டு எடுப்பாரா என்றால், கிடையாது. முழங்காலில் வலி. இருந்தாலும் முக்கி முனகி ஒரு காலை மண்டியிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுவருவார். பிறகு கட்டடத்திடம் சொல்வார்: "அசையாதீங்க. மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க." கட்டடம் பிடிக்கிறதோ இல்லையோ, அக்கா பிடித்துக்கொள்வார். கிளிக். "விடலாம்" என்று உத்தரவு கொடுத்துவிட்டுத்தான் தானும் மூச்சு விடுவார். வழியில் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று இந்த அம்மாவையும் குடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று நடையைக் கட்டுவார்கள்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறார். தரைத்தளத்து நடைவழியின் கோடியில், வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும் அறை அவருடையது. டாக்டர்கள், நர்சுகள், தள்ளுவண்டிக்காரர், கேன்டீன்காரர் என்று எல்லோருக்கும் அவர் 'எக்ஸ்ரே அக்கா'. அவரைவிட வயதில் மூத்த நோயாளிகள்கூட உள்ளே வரும்போதே "அக்கா, வலிக்குமாக்கா?" என்றுதான் கேட்பார்கள். அக்காவும் சளைக்காமல் பதில் சொல்வார். "போட்டோ எடுத்தா வலிக்குமா? இந்தப் பலகை கொஞ்சம் குளிரும், அதுக்கு மனுஷத்தன்மை பத்தாது. நெஞ்சை ஒட்டி நில்லுங்க. தாடையைத் தூக்குங்க. கையை ஓரமா வைங்க, கை படத்துல விழக் கூடாது. மூச்சை இழுங்க." பயந்துகொண்டு வந்தவர் பயப்பட நேரம் கிடைக்காமல் வெளியே போய்விடுவார்.

தொழில் பழக்கம் லேசில் விடாது. தம்பியின் கல்யாணத்தில் தான்தான் படம் எடுப்பேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். படங்கள் வந்தபின் பார்த்தால், மாப்பிள்ளை, பெண், மாமனார், மாமியார் ஒருவருக்கும் கை இல்லை. எல்லோரும் தாடையைத் தூக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். "எங்க கல்யாண ஆல்பத்தைக் காட்டினா டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துடுவார்" என்று தம்பியின் மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். அக்கா அதற்கெல்லாம் அசைகிற ஆளா? "உனக்கு நெஞ்சு சுத்தமா இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சே, அதைச் சொல்லு" என்பார்.

கட்டடங்களையும் அவர் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார். சுவரில் மெல்லிசாக ஓடும் விரிசலைக் கண்டால் தடவிக்கொடுத்து, "மயிரிழை முறிவுதான். பயப்படாதே, சேர்ந்துக்கும்" என்பார். தூண் ஒன்று சாய்ந்திருந்தால், "உனக்கு முதுகெலும்பு கொஞ்சம் வளைஞ்சிருக்கு, வெயிட் தூக்காதே" என்று அறிவுரை. அது தூக்குவதோ மூன்று மாடி. அழகான பழைய முகப்புக்குக் குறுக்கே மின்கம்பியும் கேபிள் வயரும் தொங்கினால்தான் அவருக்குக் கோபம் வரும். "ஆஸ்பத்திரின்னா, நகையெல்லாம் கழட்டி வெச்சுட்டு வாங்கன்னு சொல்லிடுவேன். இதுகிட்ட எப்படிச் சொல்றது?"

இந்தக் குடைக்கும் பிளாஸ்திரிக்கும் காரணமான மனிதர் வீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறார். அக்காவின் கணவர். ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்கியவர். பேருந்து ஓட்டியதால் தெருவில் அவருக்கு 'டிரைவர்' என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. ஓட்டிய காலமெல்லாம் அவருக்கு ஒரே ஒரு குறைதான். நீதிமன்றம், மணிக்கூண்டு, பழைய தபால் நிலையம், சுங்க மாளிகை என்று எல்லாவற்றையும் தினம் தினம் கடந்து போனார். ஒன்றிலும் இறங்கியதில்லை. "முன்பக்கம் மட்டும்தான் தெரியும் எனக்கு. உள்ள என்ன இருக்குன்னு பயணிங்க பேசிக்கிறத வெச்சுத் தெரிஞ்சுக்குவேன். கல்யாண வீட்டு வாசல்லயே நின்னு திரும்பி வர்ற மாதிரி" என்பார்.

ஒரு விபத்தும் இல்லாமல் வண்டி ஓட்டியதற்காக அவருக்கு ஒரு விழாவில் மாலை போட்டு ஒரு கேமரா கொடுத்தார்கள். அதை உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினார். "ரிட்டயர் ஆகட்டும். ஒவ்வொரு ஸ்டாப்பா நாமளே இறங்கறோம். நீ முன்னால நில்லு, நான் எடுக்கறேன். எனக்கு நீ கையை ஓரமா வைக்க வேண்டாம்." அதைச் சொல்லும்போதெல்லாம் இருவரும் சிரிப்பார்கள்.

ரிட்டயர் ஆவதற்கு முன்னாலேயே முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்தது. படத்தில் அதை முதலில் பார்த்தவர் அக்காதான். சிவப்பு விளக்கு அறைக்குள் தனியாக நின்று அழுதார். அறுவை நல்லபடியாகத்தான் நடந்தது, உயிருக்குப் பழுதில்லை. ஆனால் கால்கள் இரண்டும் அதற்குப் பிறகு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சக்கர நாற்காலி வீட்டுக்கு வந்தது.

நாற்காலி வந்த புதிதில் ஒருமுறை இருவரும் அருங்காட்சியகம் போனார்கள். வாசலில் படிகள். எங்கிருந்தோ நாலு பேர் ஓடிவந்து, "பெரியவரே, கவலைப்படாதீங்க" என்று ஆளுக்கொரு மூலையைப் பிடித்து நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் தலைக்கு மேலே போகும் சாமானைப் பார்ப்பது போல எல்லோரும் பார்த்தார்கள். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே எதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் சொன்னார்: "என்னை நாலு பேர் தூக்கறது இனிமே ஒரே ஒரு தடவைதான். அதை நான் பாக்கப் போறதில்ல." அதோடு வெளியே போவது நின்றது.

தூக்குவது மட்டுமல்ல, தள்ளவும் விடமாட்டார். பின்னாலிருந்து யாராவது நாற்காலியின் பிடியில் கைவைத்தால், திரும்பாமலே கண்டுபிடித்துவிடுவார். "பஸ்ஸுல பயணி எழுந்து வந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சா நான் விடுவேனா? கையை எடு." கட்டிலிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து சாப்பாட்டு மேசை, மறுபடி ஜன்னல். அவருடைய தடம் அவ்வளவாகச் சுருங்கிவிட்டது. ஊரையே ஒரு நாளைக்குப் பலமுறை சுற்றி வந்த மனுஷன் இப்படி ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருப்பதை அக்காவால் சகிக்க முடியவில்லை. கெஞ்சிப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார், இரண்டு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். டிரைவர் மசியவில்லை.

ஒரு விடுமுறை நாளில், அலமாரியைத் திறந்து கேமராவின் உறையைப் பிரித்தார் அக்கா. டிரைவர் தூங்கும்போது நாற்காலியின் ஒரு சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து மறு சக்கரத்தின் வெளி விளிம்பு வரை குடையை வைத்துப் பார்த்து, சரியாக அந்த இடத்தில் ஒரு சுற்றுப் பிளாஸ்திரி ஒட்டினார். டிரைவர் ஓட்டிய அதே தடத்துப் பேருந்தில் ஏறி, அவர் இறங்காத நிறுத்தம் ஒன்றில் இறங்கினார். யாரும் தூக்காமல், யாரும் தள்ளாமல் அவர் போய்வரக்கூடிய ஒரு பழைய கட்டடமாவது இந்த ஊரில் இருக்காதா? அக்காவின் படமெடுக்கும் பைத்தியம் அப்படித்தான் தொடங்கியது.

பைத்தியம் என்றால் உண்மையாகவே பைத்தியம். விடுமுறை வந்தால் வீடு தங்குவதில்லை. காலையில் சமைத்து மூடிவைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலும் குடையுமாகக் கிளம்பிவிடுவார். நடத்துனர்கள் அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள். "டிரைவர் எப்படிக்கா இருக்கார்?" "ராஜாவாட்டம் இருக்கார். தேருக்குத்தான் பாதை தேடிட்டிருக்கேன்." மழை வந்தால் மட்டும் சங்கடம். வாசலில் குடையைப் படுக்கவைத்துவிட்டு அவர் நனைந்துகொண்டு நிற்பார்.

மாலையில் வீட்டுத் தொலைக்காட்சியில் கேமராவைச் செருகிப் படங்களைப் போட்டுக் காட்டுவார். டிரைவர் கட்டடத்தை மட்டும் பார்ப்பார். குடை கண்ணிலேயே படாதது போல இருப்பார். "அட, அந்த மரம் இன்னும் நிக்குதா? அங்கதான் ஒரு நாய் தினம் குறுக்க வரும்." "தபால் ஆபீஸ் மாடியில இப்படி ஒரு சுழல் படி இருக்கா! எத்தனை வருஷம் இதுக்கு முன்னால ஹாரன் அடிச்சுட்டுப் போயிருக்கேன்." அக்கா அவரிடம் வர்றீங்களா என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த படத்துக்குப் போக அக்கா கொஞ்சம் தாமதித்தால், "ம், அப்புறம்?" என்று குரல் வரும். அந்த 'அப்புறம்' ஒன்றுக்காகவே அக்கா அடுத்த வாரமும் கிளம்புவார்.

நடுவில் பழைய கட்டடங்களைப் படமெடுக்கும் குழு ஒன்றில் அக்கா சேர்ந்துகொண்டார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர்தான் அதற்குத் தலைவர். நல்ல மனிதர். நீளமான லென்சைத் தோளில் போட்டுக்கொண்டு, விடியற்கால வெளிச்சம் என்றால் உயிரையே கொடுப்பார். மணிக்கூண்டைப் படமெடுக்க எல்லோரும் போனார்கள். மற்றவர்கள் அண்ணாந்து கழுத்து சுளுக்கிக்கொண்டிருக்க, அக்கா அடியில் மண்டியிட்டிருந்தார்.

"அக்கா, மணி மேல இருக்கு" என்றார் தலைவர்.

"இருக்கட்டும். வாசல் கீழதானே இருக்கு."

ஆண்டுக் கண்காட்சிக்கு அக்கா கொடுத்த படத்தில் சுங்க மாளிகையின் வளைவு வாசல், அதன் வழியாக உள்ளே விழும் வெயில், படியில் குறுக்காகக் குடை. தலைவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு தாழ இருந்து பார்த்தா வளைவு இப்படிப் பூத்த மாதிரி தெரியும்னு எனக்குத் தெரியாம போச்சே. அக்கா, தயவுசெஞ்சு அந்தக் குடையை மட்டும் எடுத்துட்டு இன்னொன்னு எடுங்க. முதல் பரிசு உங்களுக்குத்தான்."

"குடை இல்லேன்னா அது யாரோ ஒருத்தர் வாசல். குடை இருந்தாத்தான் எங்க வாசல்" என்றார் அக்கா. காரணம் தெரிந்த பிறகு தலைவர் வற்புறுத்தவில்லை. குடையோடேயே மாட்டிவிட்டார். பரிசு வேறு யாருக்கோ போனது. அக்கா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் அக்காவின் வழக்கம். போன மாதம் நடந்ததுதான் விஷயம்.

ஊர் எல்லையில் ஒரு பழைய நீரேற்று நிலையம் இருக்கிறது. சிவப்புச் செங்கல் கட்டடம், வானத்தைத் தொடும் புகைபோக்கி. இந்த ஊருக்குக் குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியதே அங்கிருந்துதான். டிரைவரின் கடைசித் தடம் அதன் வாசலில்தான் முடியும். அங்கே வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, எதிர்க்கடையில் டீ குடிப்பார். உள்ளே ஆளுயரத்தைப் போலப் பல மடங்கு பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று இருப்பதாகக் கேள்வி. அந்தக் காலத்தில் கேட்டில் பூட்டுத் தொங்கியது. ஒவ்வொரு டீக்கும் ஒருமுறை அந்தப் பூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர் அவர். இப்போது அதைத் துடைத்துச் சுத்தம் செய்து பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அக்கா மறுநாளே ஓடினார்.

முன்வாசலில் படிகள். பக்கவாசலில் ஒரே ஒரு படி, அதன் மேல் எண்ணெய்ப் பீப்பாய் உருட்டுவதற்காகப் போட்ட சரிவுப் பலகை. அக்கா அதன்மேல் ஏறி நின்று, முழங்காலையும் மறந்து, இரண்டு குதி குதித்துப் பார்த்தார். பலகை முனகக்கூட இல்லை. குடையைப் படுக்கவைத்தார். பிளாஸ்திரிக்கும் வலது சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. ஒரு விரல்தான், ஆனாலும் இடைவெளி!

"என்னம்மா, கதவை விலைக்கு வாங்கப் போறீங்களா?" என்றார் காவலாளி.

"வாடகைக்குத்தான். ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டு முடிவு சொல்றேன்."

அன்று மாலை தொலைக்காட்சியில் புகைபோக்கி வந்தது, செங்கல் சுவர் வந்தது, பலகை வந்தது, கதவு வந்தது. அத்தோடு படம் முடிந்துவிட்டது.

"ம், அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

"சக்கரம் எங்க?"

"உள்ள இருக்கு."

"நீ உள்ள போகலையா?"

"போனேன். பாத்தேன். எடுக்கல." அக்கா கேமராவை உறையில் போட்டு மூடினார். "உங்களுக்கு வேணும்னா வந்து பாருங்க. நான் என்ன தூது போறவளா?"

டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா யோசனையா என்று தெரியவில்லை. சாப்பிட்டு முடித்துக் கைகழுவிய பிறகுதான் பேச்சு வந்தது. "பலகை உறுதியா இருக்கா?"

"நானே குதிச்சேன்."

"நீ குதிச்சும் உடையலேன்னா உறுதிதான்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு கண்டிஷன். எவனும் தூக்கக் கூடாது, எவனும் தள்ளக் கூடாது. எந்த இடத்துல தள்ள வேண்டியிருக்கோ, அங்கேயே வண்டி திரும்பிடும். அப்புறம் இந்தப் பேச்சே வீட்ல எடுக்கக் கூடாது. சரியா?"

"சரி" என்றார் அக்கா. அடுப்படிக்குப் போய் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தம்பி ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். டிரைவர் பழைய நாளைப் போலச் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக இருந்தார். கைகளை ஊன்றித் தன்னைத் தானே தூக்கி வேனின் முன்னிருக்கைக்கு மாறினார். எத்தனையோ வருஷம் ஸ்டியரிங் பிடித்து உரமேறிய கைகள் அவை. இப்போது கால்களின் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவை. வழியெல்லாம் தம்பிக்குப் பாடம் நடந்தது. "கியரை மாத்துடா, வண்டி அழுவுது பாரு." தம்பி "சரி மாமா, சரி மாமா" என்று ஓட்டினான். பின்னால் ரொட்டி வாசனையோடு மடக்கிய நாற்காலிக்குத் துணையாக உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அந்தத் திட்டெல்லாம் தேன் மாதிரி இருந்தது.

பலகையில் டிரைவர் தாமே ஏறினார். சக்கரங்களைப் பிடித்து ஒரு தள்ளு, ஒரு நிறுத்தம், ஒரு தள்ளு. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அக்கா குடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நாற்காலி கதவுக்குள் நுழைந்தது. செங்கல் சுவர் நல்ல தடிமன். வாசல் என்பது ஒரு குட்டிச் சந்து போல நீண்டிருந்தது. முன்சக்கரம் போனது, பெரிய சக்கரம் பாதி போனது. அதற்கு மேல் போகவில்லை.

நாற்காலி இடிக்கவில்லை. இடித்தது அவருடைய கை. சக்கரத்தைப் பிடித்திருந்த இரண்டு கைமுட்டிகளும் இரண்டு பக்கச் சுவரிலும் உராய்ந்து தோல் கிழிந்திருந்தது. ஒரு முட்டியில் ரத்தம் பொட்டு வைத்தது.

எக்ஸ்ரே அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. குடை நாற்காலியை அளந்தது. நாற்காலியை ஓட்டுகிற கையை அளக்கவில்லை. கையை ஓரமா வைங்க, கையை ஓரமா வைங்க என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் கட்டின புருஷனின் கையையே கணக்கிலிருந்து ஓரமாக வைத்துவிட்டார். யாராவது தள்ளுகிற மனுஷனுக்கு அந்தக் கதவு போதும். இவருக்குப் போதாது. இத்தனை நாள், இத்தனை வாசல், இத்தனை மழை! அக்காவுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

பின்னால் இரண்டு குடும்பங்கள் வந்து நின்றுவிட்டன. தம்பி பதறிப்போய் நாற்காலியின் பிடியில் கைவைத்தான். "மாமா, கையை மடியில வைங்க. ஒரே தள்ளு, உள்ள போயிடலாம்."

"எடுடா கையை!" கத்தியது டிரைவர் அல்ல, அக்கா. தம்பி சுட்டுக்கொண்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான்.

டிரைவர் திரும்பவில்லை. அவருடைய பிடரி மட்டும்தான் அக்காவுக்குத் தெரிந்தது. அந்தப் பிடரியைப் பார்த்தே அக்கா சொன்னார். "தப்பு என்னுதுங்க. நாற்காலியை மட்டும்தான் அளந்தேன். உங்க கையை விட்டுட்டேன். வாங்க, திரும்பிடலாம். பேச்சு பேச்சுதான்."

டிரைவர் முட்டியைச் சட்டையில் துடைத்தார். இடது சுவரைப் பார்த்தார், வலது சுவரைப் பார்த்தார். கழுத்தை நீட்டி எதிரே பார்த்தார். அரையிருட்டில், தூரத்தில், சக்கரத்தின் வளைவு ஒன்று மட்டும் பளபளத்தது.

"ஏம்மா, சந்துல பஸ் மாட்டிக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"என்ன பண்ணுவீங்க?" என்றார் அக்கா.

"ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிட்டுப் போவேன். பஸ்ஸைத் திருப்பிட்டா வருவேன்?"

சக்கரங்களிலிருந்து கைகளை எடுத்தார். முன்னால் நீட்டி, இரண்டு பக்கச் சுவர்களிலும் உள்ளங்கைகளை அழுத்தி வைத்து, சுவரைப் பின்னால் தள்ளினார். நாற்காலி நகர்ந்தது. கைகளை எடுத்து இன்னும் முன்னால் வைத்தார். மறுபடி ஒரு தள்ளு. சுவர் முடியும் இடத்தின் விளிம்பு எட்டியதும் இரண்டு கையாலும் அதைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். நாற்காலி உள்ளே போய் வழவழப்பான தரையில் தானாகச் சிறிது தூரம் உருண்டு நின்றது. பின்னால் நின்ற குடும்பத்தில் யாரோ கை தட்டினார்கள். டிரைவர் அதைக் கவனிக்கவில்லை. அண்ணாந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சக்கரம் அவ்வளவு பெரியது. பாதி தரைக்கு மேலே, பாதி தரைக்குக் கீழே பள்ளத்தில். உயரத்து ஜன்னல்களிலிருந்து வந்த வெயில் அதன் ஆரக்கால்களில் விழுந்துகொண்டிருந்தது. டிரைவர் கம்பித்தடுப்பை ஒட்டியே சுற்றி வந்தார். ஒரு சுற்று முடித்துவிட்டு இன்னொரு சுற்று. "எம்மாம் பெருசு! இதுக்கு ஸ்டியரிங் எங்க வெச்சிருப்பான்?" என்று தானே கேட்டுத் தானே சிரித்தார். அடுத்த நிமிடமே புருவம் சுருங்கியது. "பெயிண்ட் அடிச்சவன் நட்டுமேலயும் சேத்து அடிச்சிருக்கான் பாரு. நாளைக்கு எப்படிக் கழட்டுவான்?" அதைக் கேட்டதும்தான் அக்காவுக்கு முழுசாக நிம்மதி வந்தது. குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றால் மனுஷன் பழையபடி ஆகிவிட்டார்.

"இங்க பாருங்க." அக்கா மண்டியிட்டுக் கேமராவைத் தூக்கினார். "தாடையைத் தூக்குங்க. மூச்சை இழுங்க. கையை ஓர..."

"ஓரமா வெச்சா வண்டியை யாரு ஓட்டறது?" என்றார் டிரைவர். தம்பி பக்கென்று சிரித்துவிட்டான். அக்காவும் சிரித்தார், சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கேமரா அதன்பாட்டுக்குக் கிளிக் கிளிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

மாலையில் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தால், ஒரு படம்கூட உருப்படியாக இல்லை. எல்லாம் கலங்கல். சக்கரம் ஆடுகிறது, நாற்காலி ஆடுகிறது, டிரைவருக்கு இரண்டு தலை. அன்று அக்கா மூச்சைப் பிடிக்கவே மறந்திருந்தார்.

"நெஞ்சு எக்ஸ்ரே இப்படி எடுத்தா உன்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க" என்றார் டிரைவர். கைமுட்டிகளில் அக்கா மருந்து போட்டு ஒட்டிய பிளாஸ்திரி. "சரி, தபால் ஆபீஸ் எப்படி? சுழல் படி வேண்டாம், கீழ் ஹாலு போதும்."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "அது தெரியாதுங்க. எல்லாமே பழைய அளவுல பாத்தது. மணிக்கூண்டு, கோர்ட்டு, சுங்க மாளிகை, ஒண்ணும் நிச்சயமில்ல. முதல்லேருந்து திரும்ப அளக்கணும்."

"அளப்போம். அதுக்கென்ன இப்ப? குடையை எடுத்துட்டு வா."

அக்கா குடையைக் கொண்டுவந்து அவர் மடியில் குறுக்காக வைத்தார். டிரைவர் பழைய வெள்ளைச் சுற்றை ஒட்டி இடது கையை முஷ்டியாக மூடி வைத்தார். அதை ஒட்டி வலது முஷ்டி. அது குடையின் கைப்பிடி வளையத் தொடங்கும் இடம்வரை வந்துவிட்டது. அக்கா பிளாஸ்திரிச் சுருளைப் பல்லால் கடித்துக் கிழித்து, முட்டியோடு ஒட்டிச் சுற்றப் போனார்.

"மேல இடிக்காதே. கொஞ்சம் தள்ளிச் சுத்து."

அக்கா ஒரு விரல் தள்ளி வைத்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, புதுப் பிளாஸ்திரியைச் சுற்றினார்.